வில்லங்கச் சான்றிதழில் வராத வில்லங்கம்

போன மாதம் நாமக்கல் பக்கத்திலிருந்து என் மாமா வந்திருந்தார். கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. அதற்குள் மூலப்பத்திரம், பட்டா, சிட்டா, புல வரைபடம், முப்பது வருடத்துக்கு எடுத்த வில்லங்கச் சான்றிதழ்... ஒரு சின்ன கோர்ட்டே நடத்தலாம், அவ்வளவு காகிதம்!

"மாப்ளே, நீ பி.காம். படிச்சவன், பத்திரிகையிலயும் இருக்கறவன். ஒருவாட்டி பாத்துச் சொல்லு. பன்னெண்டு சென்ட். மெயின் ரோட்டுல இருந்து நடந்தா அஞ்சு நிமிசம். பையன் வீடு கட்டிக்கட்டும்."

பார்த்தேன். அடமானம் இல்லை, ஜப்தி இல்லை, பங்காளி வழக்கு இல்லை. எல்லாம் சுத்தம். விலை மட்டும்தான் இடித்தது. அக்கம்பக்கத்து ரேட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

"இந்த எடத்துல முன்னாடி என்ன மாமா இருந்துச்சு?"

"ஏதோ சாயப்பட்டறை இருந்துச்சாம். மூடிப் பல வருசமாச்சு. இப்ப செட்டையெல்லாம் இடிச்சு, மேல மண்ணடிச்சு, கல்லு நட்டாச்சு."

'மேல மண்ணடிச்சு' என்றாரே, அங்கேதான் எனக்கு இந்தக் கட்டுரை ஆரம்பமானது.

நீங்களும் மனை வாங்கியிருப்பீர்கள், அல்லது வாங்கப் போகிறீர்கள். வில்லங்கச் சான்றிதழ் என்ன சொல்லும்? யார் யாருக்கு விற்றார்கள், எந்த பேங்கில் அடமானம் வைத்தார்கள், எப்போது மீட்டார்கள் என்று சொல்லும். அந்த மண்ணுக்குள் யார் எதைக் கொட்டினார்கள் என்று சொல்லாது. சப்-ரிஜிஸ்திரார் அதைக் கேட்கவும் மாட்டார். நிலத்துக்குச் சொந்தக்காரர்களின் சரித்திரம் நம்மிடம் பக்காவாக இருக்கிறது. நிலத்தின் சரித்திரம் இல்லை.

இதற்கு ஒரு காரணம் நான் படித்த படிப்பிலேயே இருக்கிறது. பி.காம். முதல் வருடம், தேய்மானம் என்று ஒரு பாடம். மெஷின் வாங்கினால் வருடா வருடம் அதன் மதிப்பைக் குறைத்து எழுத வேண்டும். கட்டடத்துக்கு, லாரிக்கு, நாற்காலி மேஜைக்குக்கூடத் தேய்மானம் உண்டு. நிலத்துக்கு மட்டும் கிடையாது. 'ஏன் சார்?' என்று கேட்ட பையனுக்கு எங்கள் வாத்தியார் சொன்ன பதில் இன்னும் ஞாபகம் இருக்கிறது. 'நிலம் தேயாதுடா. எங்கே ஓடிப்போகும்?' மார்க் வாங்க அந்தப் பதில் போதும். ஆனால் உலகம் பூராவும் எத்தனையோ ஃபேக்டரிகள் இந்த ஒரு வரியை நம்பித்தான் கணக்கு எழுதின. பாய்லர் தேய்ந்ததற்குக் கணக்கு உண்டு. பாய்லருக்குக் கீழே இருந்த மண் கெட்டதற்குக் கணக்கே கிடையாது.

நம்ம ஊருக்கே வருவோம். மேட்டூர்.

1934 ஆகஸ்டில் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. அன்றைய சென்னை கவர்னர் ஸ்டான்லியின் பெயரைத்தான் நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். டெல்டா விவசாயத்துக்காகக் கட்டிய அணை என்று நமக்குத் தெரியும். ஆனால் சேலம் ஜில்லாவுக்கு அது கொடுத்த பெரிய வரம் தண்ணீர் அல்ல, கரண்ட்! 1937-லிருந்து அணையில் மின்சாரம் கிடைத்தது. கரண்ட் வருகிறது என்று தெரிந்ததும், 1936-லேயே மேட்டூர் கெமிக்கல்ஸ் கம்பெனி பதிவாகிவிட்டது. உப்புத் தண்ணீரில் மின்சாரத்தைப் பாய்ச்சினால் ஒரு பக்கம் குளோரின், இன்னொரு பக்கம் காஸ்டிக் சோடா. சோப்புக்கு, துணிக்கு, பேப்பருக்கு எல்லாம் காஸ்டிக் சோடா வேண்டும். இந்தியாவில் இந்த முறையில் காஸ்டிக் சோடா தயாரித்த ஆரம்பகால ஆலைகளில் ஒன்று நம் மேட்டூரில்தான் இருந்தது.

அடுத்த கண்ணியைப் பாருங்கள். அலுமினியம் தயாரிக்க என்ன வேண்டும்? பாக்சைட், காஸ்டிக் சோடா, ஏகப்பட்ட மின்சாரம். பாக்சைட் ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் இருந்தது. காஸ்டிக் சோடா ஆலை அதே ஊரில். மின்சாரம் அணையில். ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் இருந்தது! 1965-ல் இத்தாலியத் தொழில்நுட்ப உதவியோடு மால்கோ என்கிற மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. நம் அம்மாக்களின் சமையலறையில் பித்தளையைத் துரத்திவிட்டு அலுமினியக் குண்டான் உட்கார்ந்த காலம் அது.

இந்த ஆலைகளைத் திட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. மேட்டூர், ஓமலூர், மேச்சேரி, நங்கவள்ளிப் பக்கம் எத்தனையோ குடும்பங்களில் முதல் மாதச் சம்பளம் என்ற ஒன்றைப் பார்க்க வைத்தது இந்த ஆலைகள்தான். மழையை நம்பி ஆரியமும் சோளமும் போட்டுக்கொண்டிருந்த காடு அது.

ஆனால் பாக்சைட்டுக்கு ஒரு குணம் உண்டு. அதைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து அலுமினாவைப் பிரித்த பிறகு மிச்சம் ஒன்று நிற்கும். பெயர் செஞ்சேறு. ஒரு டன் அலுமினாவுக்கு ஏறக்குறைய ஒரு டன், ஒன்றரை டன் செஞ்சேறு. காரத்தன்மை கடுமையாக இருக்கும். ஈரமாக இருந்தால் கசியும், காய்ந்தால் காற்றில் பறக்கும். 2010 அக்டோபர் 4-ம் தேதி ஹங்கேரியில் அஜ்கா என்ற ஊருக்கு அருகே செஞ்சேற்றுக் குளத்தின் கரை உடைந்து, 10 பேர் செத்துப்போனார்கள். தண்ணீர் அல்ல, சேறு அடித்துக்கொண்டு போனது. காரம் பட்ட இடமெல்லாம் தோல் வெந்துவிட்டது. ஆலை ஓடினாலும் சரி, நின்றாலும் சரி, செஞ்சேறு செஞ்சேறுதான்.

மால்கோ 2008 கடைசியில் அலுமினிய உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. ஆலையை நிறுத்த ஒரு உத்தரவு போதும். நாற்பது வருடமாகச் சேர்ந்த செஞ்சேற்றுக்கு எந்த உத்தரவு போட்டு 'போ' என்று சொல்வது? மேட்டூருக்குக் கீழே காவிரி. சேலம் மாநகரம் குடிப்பது மேட்டூர்க் காவிரித் தண்ணீர். அதற்குக் கீழே பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம், பரமத்தி வேலூர்... எல்லாருக்கும் அதே ஆறுதான்.

சரி, இப்படிக் கெட்டுப்போன நிலத்தில் வீடு கட்டினால் என்ன ஆகும்? இதற்குக் கற்பனையே வேண்டாம். அமெரிக்கா ஒருமுறை கட்டிப் பார்த்துவிட்டது.

நியூயார்க் மாகாணத்தில், நயாகரா அருவி ஊரில், லவ் கெனால் என்று பாதியில் நின்ற ஒரு வாய்க்கால். பேரைப் பார்த்துக் காதல் கதை என்று நினைத்துவிடாதீர்கள், வெட்டத் தொடங்கியவரின் பெயர் லவ்! 1942-லிருந்து 1953 வரை ஹூக்கர் கெமிக்கல் என்ற கம்பெனி அந்தப் பள்ளத்தில் சுமார் 20,000 டன் ரசாயனக் கழிவைப் புதைத்தது. மேலே மண்ணடித்தது. 1953-ல் அந்த இடத்தை ஊர்ப் பள்ளிக்கூட போர்டுக்கு விற்றது. என்ன விலை தெரியுமா? ஒரே ஒரு டாலர்!

எனக்கு இந்த ஒரு டாலர்தான் ரொம்ப முக்கியமாகப் படுகிறது. நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது என்கிறது பாடப்புத்தகம். அந்தக் கம்பெனிக்காரர்கள் போட்ட விலையோ ஒரு டாலர். அந்த மண்ணின் உண்மை மதிப்பு அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்றுதானே அர்த்தம்? பத்திரத்திலேயே 'இங்கே ரசாயனம் புதைத்திருக்கிறோம், பிற்பாடு ஏதாவது ஆனால் நாங்கள் பொறுப்பில்லை' என்ற பொருளில் ஒரு ஷரத்தும் எழுதி வைத்திருந்தார்கள். ஸ்கூல் வந்தது. சுற்றிலும் வீடுகள் வந்தன. வீடு வாங்கிய குடும்பங்கள் அந்தப் பழைய பத்திரத்தைப் பார்த்தார்களா என்ன? 1970-களில் நிலவறைகளில் கறுப்பாக ஏதோ கசிந்தது. குறைப்பிரசவம், குழந்தைகளுக்கு நோய் என்று தாய்மார்கள் தெருவில் இறங்கினார்கள். 1978 ஆகஸ்டில் அதிபர் கார்ட்டர் அவசரநிலை அறிவித்தார். நூற்றுக்கணக்கான குடும்பங்களைக் காலி செய்தார்கள். 1980-ல் 'சூப்பர் ஃபண்ட்' என்று ஒரு சட்டமே வந்தது. அசுத்தப்படுத்தியவனிடமே காசை வாங்கு, அவன் ஓடிப்போயிருந்தால் அரசாங்க நிதியில் சுத்தம் செய் என்பது அதன் சாரம்.

ஓடிப்போனால்? நம்ம ராணிப்பேட்டைக்கு வாருங்கள்.

அங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்று ஒரு ஆலை. தோல் பதனிட வேண்டிய குரோமியம் உப்புகளைத் தயாரித்தது. 1970-களின் நடுவில் தொடங்கி 1995-ல் மூடினார்கள். விட்டுவிட்டுப் போனது, திறந்தவெளியில் மலைபோல் குவிந்த 2 லட்சத்து 27 ஆயிரம் டன் குரோமியக் கழிவு. ஜூலியா ராபர்ட்ஸ் ஆஸ்கர் வாங்கிய 'எரின் பிரோக்கோவிச்' படம் பார்த்திருக்கிறீர்களா? அதில் வருகிற அதே அறுமதிப்புக் குரோமியம்தான். புற்றுநோய் வரவைக்கும். தண்ணீரில் சுலபமாகக் கரையும். ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கரைந்து நிலத்தடிக்குப் போகும். அமெரிக்காவில் ஹிங்க்லி கிராமத்து மக்களுக்கு 1996-ல் கம்பெனி கொடுத்தது 33 கோடி டாலருக்கு மேல். ராணிப்பேட்டையில் யாரிடம் போய்க் கேட்பது? கம்பெனியே இல்லை. ஆய்வு மேல் ஆய்வு நடந்தது, திட்டம் மேல் திட்டம் போட்டார்கள். மூடிக் கால் நூற்றாண்டு கழித்தும் மேடு அங்கேயே இருந்தது. அதை எடுக்கும் செலவு மக்கள் வரிப்பணத்தின் தலையில்.

ஆக, கம்பெனி ஓடிப்போனால் ஆபத்து. ஓடிப்போகாமல் நின்றால்? அதற்குத்தான் கொடைக்கானல். நம் நாட்டில், மண்ணைச் சுத்தம் பண்ணுவது என்றால் என்ன என்று வருடக்கணக்கில் சண்டை போட்ட இடம் அது.

1983-ல் அங்கே பாண்ட்ஸ் கம்பெனி தெர்மாமீட்டர் ஃபேக்டரி ஆரம்பித்தது. மெஷின்கள் வந்தது நியூயார்க் மாகாணத்து வாட்டர்டவுன் ஊரிலிருந்து. லவ் கெனால் இருந்த அதே மாகாணம், தற்செயல்தான்! காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குழாயும் பாதரசமும் கலந்த வேலை. செய்த சரக்கு ஏற்றுமதிக்கு. 1998-ல் பாண்ட்ஸ் இந்துஸ்தான் லீவரோடு இணைந்தது. 2001 மார்ச்சில் பழனி மலைப் பாதுகாப்புக் கவுன்சிலும் கிரீன்பீஸும் ஊர்க்காரர்களும் ஒரு காயலான் கடையை அடையாளம் காட்டினார்கள். பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி அங்கே மூட்டை மூட்டையாகக் கிடந்தது. ஃபேக்டரி மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவைத் தூத்துக்குடி வழியாகக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே அனுப்பினார்கள். மெஷின் வந்த நாட்டுக்கே குப்பையும் திரும்பிப் போனது. இருபது வருட ரிட்டர்ன் டிக்கெட்!

கண்ணாடியைக் கப்பலில் ஏற்றலாம். மண்ணை? ஃபேக்டரி நின்றது ஒரு மலை முகட்டில். கீழே சரிவில் பாம்பார் சோலைக்காடு. அதில் இறங்குகிற தண்ணீர்தான் பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியாக விழுகிறது.

இங்கே ஒரு கேள்வி வந்தது. மண்ணில் எவ்வளவு பாதரசம் மிச்சமிருந்தால் 'சுத்தம்' என்று சொல்லலாம்? ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று நிபுணர் ஆய்வுகளை வைத்து முடிவானது. ஆர்வலர்கள் கொதித்தார்கள். 'பிரிட்டனில் குடியிருப்பு நிலத்துக்கு 1 மில்லிகிராம் பார்ப்பீர்கள், கொடைக்கானல் என்றால் 20-ஆ?' என்பது அவர்கள் கேள்வி. கம்பெனித் தரப்புக்கும் ஒரு வாதம் இருந்தது. இன்னும் குறைக்க வேண்டுமென்றால் சரிவு முழுக்கத் தோண்ட வேண்டும், மரங்களை வெட்ட வேண்டும், மண் அரித்துச் சோலைக்குள்ளேயே போய்விடும் என்றார்கள். இரண்டு பக்கத்தையும் படித்துப் பாருங்கள், கொஞ்சம் தலை சுற்றும். எனக்குச் சுற்றியது.

நடுவில் 2015-ல் சோஃபியா அஷ்ரஃப் என்ற சென்னைப் பெண் இதை ஒரு ராப் பாட்டாகப் பாட, உலகம் பூரா லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது. தொழிலாளர் உடம்புக்குத் தங்களால் கெடுதல் வந்ததாக ஆய்வுகள் சொல்லவில்லை, இது மனிதாபிமான உதவி என்பது கம்பெனியின் நிலை. மண் விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போய், 2019-ல் அந்த 20 என்ற எண்ணே நின்றது. மண்ணைத் தோண்டி, கழுவி, சூளையில் சூடாக்கிப் பாதரசத்தைப் பிரிப்பதுதான் முறை. 2001-ல் மூடிய ஃபேக்டரி, மண்ணில் எத்தனை மில்லிகிராம் என்று முடிவாவதற்கு 2019!

கொடைக்கானல் கதையில் நான் உங்களிடம் காட்ட விரும்பியது அந்த எண்ணைத்தான். சுத்தம் என்பது மண்ணில் மட்டும் இல்லை. அந்த மண்ணில் அடுத்து யார் குடியேறப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. குடோன் கட்டினால் ஒரு அளவு. தார் போட்டு லாரி நிறுத்தினால் ஒரு அளவு. தவழுகிற குழந்தை மண்ணை அள்ளி வாயில் போடுகிற வீடு என்றால், ரொம்ப ரொம்பக் குறைந்த அளவு. ஃபேக்டரி நிலத்தைச் சத்தமில்லாமல் வீட்டுமனை ஆக்குகிறபோது மாறுவது மனையின் ரேட் மட்டும் அல்ல, இந்த அளவும்தான். அதை யாரும் லே-அவுட் போர்டில் எழுதுவதில்லை.

முறையாகச் செய்தால் முடியாத காரியமும் இல்லை. 2012 ஒலிம்பிக்ஸுக்காக லண்டனின் கிழக்கே ஸ்ட்ராட்ஃபோர்டில் எடுத்த இடம், தலைமுறை தலைமுறையாகச் சாயம், எண்ணெய், தார் ஊறிய பழைய ஃபேக்டரிக் காடு. அங்கேயே மண் கழுவும் மெஷின்களை நிறுத்தினார்கள். 'மண் ஆஸ்பத்திரி' என்று பேர்! சுமார் 20 லட்சம் டன் மண்ணைத் தோண்டிச் சிகிச்சை கொடுத்து, பெரும்பகுதியை அதே இடத்தில் திரும்பப் போட்டார்கள். இன்று அங்கே பார்க், வீடுகள், பள்ளிக்கூடம். ஒலிம்பிக்ஸ் பட்ஜெட் இருந்தது, செய்தார்கள். நம்ம ஊர்ப் பன்னிரண்டு சென்ட்டுக்கு யார் ஒலிம்பிக்ஸ் நடத்தப் போகிறார்கள்?

நம் நாட்டிலும் ஒரு அடி எடுத்து வைத்திருக்கிறார்கள். மாசுபட்ட இடங்களைக் கையாள்வதற்கென்றே தனி விதிகளை மத்திய அரசு 2025 ஜூலையில் வெளியிட்டது. சந்தேக இடங்களை மாவட்ட நிர்வாகம் பட்டியல் போட வேண்டும், மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஆராய வேண்டும், கெடுத்தவர் செலவைக் கொடுக்க வேண்டும். அந்தச் சமயத்தில் வந்த கணக்குப்படி நாடு முழுக்க அடையாளம் கண்டது 103 இடங்கள். சுத்தம் செய்யும் வேலை தொடங்கியது 7-ல்.

கணக்குப் புத்தகமும் கொஞ்சம் திருந்தியிருக்கிறது என்பதை என் வாத்தியாருக்காகச் சொல்ல வேண்டும். 2016-லிருந்து பெரிய கம்பெனிகளுக்கு வந்த புதிய கணக்கியல் தரநிலைப்படி, இடத்தைக் கடைசியில் சீர்செய்ய வேண்டிய கடமை இருந்தால் அந்தச் செலவை முன்கூட்டியே கணக்கில் காட்ட வேண்டும். நிலத்தின் விலையோடு சேர்ந்த அந்தப் பகுதிக்கு மட்டும் தேய்மானம் உண்டு! ஆனால் இதெல்லாம் ஆடிட்டர் வைத்திருக்கிற பெரிய கம்பெனிக்கு. நான்கு தொட்டியும் ஒரு கொதிகலனும் வைத்து ஓட்டிவிட்டுப் போன சாயப்பட்டறைக்கு ஏது பேலன்ஸ் ஷீட்?

சாயம் என்றால் சாதாரணம் என்று நினைக்காதீர்கள். 1992-ல் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கியதில், அணை வேண்டும் என்ற விவசாயிகளே 'தண்ணீரைத் தேக்காதீர்கள்' என்று கோர்ட்டுக்குப் போனார்கள். நம் பக்கம் சேலத்துக்குள் வருகிற திருமணிமுத்தாறு, நாமக்கல் மாவட்டம் வழியாகப் போய்க் காவிரியில் சேருவதற்குள் என்ன நிறமெல்லாம் எடுத்திருக்கிறது என்று கரையோரத்து விவசாயியைக் கேட்டுப் பாருங்கள்.

மாமாவோடு நானும் போய் அந்த இடத்தைப் பார்த்தேன். மேலே புதுச் செம்மண், அழகாக இருந்தது. வரப்போரம் மழை அரித்த இடத்தில் செம்மண் விலகி, அடியில் வேறொரு நிறம் தெரிந்தது. பக்கத்துக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். பாசிகூட இல்லை.

புரோக்கரிடம் கேட்டேன். "பட்டறை எப்ப மூடினாங்க? தொட்டியெல்லாம் எங்க இருந்துச்சு? அடி மண்ண எடுத்தாங்களா, இல்ல மேலயே மூடிட்டாங்களா?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "ஏனுங்க சார், இதெல்லாம் பத்திர ஆபீஸ்லயே கேக்க மாட்டாங்களே!"

மாமா அட்வான்ஸ் கொடுக்கவில்லை. 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை. பன்னிரண்டு சென்ட் ஆசை லேசில் விடுமா? கிணற்றுத் தண்ணீரை ஒரு கேனில் பிடித்துக் குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்திருக்கிறார். கூடவே, அந்த சர்வே நம்பரில் எந்த ஆலைக்காவது அனுமதி கொடுத்தீர்களா, என்ன கழிவு, எங்கே கொட்டினார்கள், எப்போது மூடினார்கள் என்று கேட்டு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு மனு. எழுதிக் கொடுத்தது நான்தான். பதிலுக்கு முப்பது நாள் என்கிறது சட்டம். இன்றைக்குப் பதினெட்டாவது நாள். தினமும் காலையில் போன் வருகிறது, "மாப்ளே, தபால் ஏதாச்சும் வந்துச்சா?"